தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

எங்கள் வீட்டு மீன் குழம்பில் மஞ்சள் கிடையாது. குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்கள்தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னா வேம்பு, கொழம்பு இப்படி வெளுத்துப் போய் கீது? மஞ்சா தீந்துபூட்ச்சா?" என்று கேட்பார்கள்.

"புடிச்சா துன்னு, இல்லாங்காட்டி எந்திரிச்சிப் போய்க்கினே இரு" என்பேன். என் வாய் அப்படி. காசிமேட்டுக் கரையில் கூடையை இறக்கி மீன் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் காக்காய்கூட மதிக்காது. குளிக்கும்போதும் நான் மஞ்சள் தேய்ப்பதில்லை. கட்டின புருஷன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது இவள் வெறும் முகத்தோடு திரிகிறாளே என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும். அவர்கள் வயிறா எரிந்தது?

எனக்கு மூத்தவள் குணசுந்தரி. நோகாமல் பிறந்தவள். பிறந்த அன்றே குப்பம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள், இன்றைக்கும் கத்துகிறாள். அவளுக்கு அடுத்து ஒரு பையன். பிறந்த மறுநாளே உடம்பு மஞ்சள் பூத்தது. பால் இழுக்கவில்லை. வாரம் தாண்டவில்லை. அதற்கடுத்தது வயிற்றுக்குள்ளேயே உப்பிப் போய்ச் செத்துப் பிறந்தது. அதன் முகத்தை எனக்குக் காட்டவேயில்லை. ஆணா பெண்ணா என்று கேட்டதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகென்ன, ஊர் வாயைத் திறந்தது. நான் எதிரே வந்தால் வலையில் பொடி மீன்கூட மாட்டாதாம். காலையில் கட்டுமரம் தள்ளுகிற நேரத்தில் என்னைக் கரைப்பக்கம் வரவேண்டாம் என்றார்கள். என் பால் விஷம் என்றாள் ஒருத்தி. அவள் வாயில் கொள்ளியை வைக்க. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமாகவே விஷமாக இருக்குமோ என்று நானே ஒரு சொட்டுப் பிழிந்து நக்கிப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷன் பொன்னுரங்கம் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. மற்றவர்களை எதிர்த்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயில்லாப் பூச்சி.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மறுபடியும் வயிற்றில் தங்கியது. இந்தத் தடவை என் அண்ணன் தாமோதரன் விடவில்லை. அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். "வேப்பிலையும் வேணாம், மந்திரிக்கவும் வேணாம், வா" என்று என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டரம்மா என் கதையைக் கடைசி வரைக்கும் கேட்டார். என் கையிலும் என் புருஷன் கையிலும் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"உன் ரத்தம் ஒரு வகை, உன் வீட்டுக்காரர் ரத்தம் இன்னொரு வகை. உன்னுடையதற்கு ஆர்.எச். நெகடிவ் என்று பெயர். கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கும். அதனால் உனக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் பிள்ளைகள் அப்பாவின் வகையோடு உன் வயிற்றில் வருகின்றன. முதல் பிரசவத்தில் உன் பெண்ணுடைய ரத்தம் கொஞ்சம் உன் ரத்தத்தில் கலந்திருக்கிறது. இது நம்முடையதில்லை என்று உன் உடம்பு தெரிந்துகொண்டது. அதற்குப் பிறகு வருகிற பிள்ளையின் ரத்தத்தை அது அழிக்கிறது. பிள்ளை மஞ்சளாவது அதனால்தான்."

"அப்போ எம் புள்ளைங்கள நான்தான் கொன்னேனா?"

"இல்லையம்மா. உனக்குத் தெரியாமல் உடம்பு செய்கிற வேலை. இதில் யார் பேரிலும் குற்றம் கிடையாது."

அந்த இடத்திலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சாபமில்லை. பில்லி சூனியமில்லை. என் பால் விஷமில்லை. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்.

வழி இருக்கிறது என்றும் சொன்னார். பிறந்த பிள்ளை மஞ்சளானால் அதன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, என் வகை ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏற்றலாமாம். நான் உடனே இரண்டு கையையும் நீட்டினேன். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க."

டாக்டரம்மா என் கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்தார். "உன்னுடையது கூடாது. பிள்ளையை அழிக்கிற சக்தி உன் ரத்தத்தில்தான் ஊறியிருக்கிறது. உன் கூடப் பிறந்தவர்களுக்கு உன் வகை இருந்தால் அது நல்லது."

என் ரத்தத்தையே என் பிள்ளைக்குக் கொடுக்க முடியாதா? பெற்றவளுக்கு இதைவிடப் பேஜாரு வேறென்ன வேண்டும்? வாசலில் நின்ற தாமோதரனைப் பார்த்தேன். அவனுக்கு ஊசி என்றாலே உதறல். ரத்தம் கொடுத்தவன் அப்புறம் மூட்டை தூக்கமாட்டான் என்று துறைமுகத்தில் அவன் தோஸ்துகள் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனாலும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் கொடுத்தான். என் வகையேதான். அதுவும் யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய வகை என்றார்கள்.

"சின்ன வயசுலேர்ந்து நமக்குள்ள எதுவும் ஒத்துப்போனதில்ல. ரத்தமாவது ஒத்துப்போச்சே, சந்தோசம்" என்றான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது இது: வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. முடியாமல் வீட்டில் பிறந்துவிட்டால் பிள்ளையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இரு. முதல் நாளே மஞ்சள் தெரிந்தால் ஒரு நிமிஷமும் உட்காராதே, தூக்கிக்கொண்டு ஓடிவா.

இனி கெங்கம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் புருஷனுடைய அக்காள். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் வேறொருத்தியோடு எண்ணூர்ப் பக்கம் போய்க் குடித்தனம் வைத்துக்கொண்டான். அவள் எங்களோடு இருந்தாள். குணசுந்தரியை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். என் பையன் செத்தபோது என்னைவிட அதிகமாக மண்ணில் புரண்டதும் அவள்தான். அவளை வில்லியாக்கி இந்தக் கதையைச் சொல்லிவிடலாம், எனக்கும் சுலபம். ஆனால் அப்படி இல்லை.

எங்களில் அடுத்தடுத்துப் பிள்ளை செத்தால் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் விடுவார்கள். இன்னொருத்தி வந்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். அதோடு அது அவள் பிள்ளை. பெற்றவளைத் தேடிவருகிற சனியன் ஏமாந்து போய்விடும். தொப்புள்கொடி விழுகிறவரைக்கும் பெற்றவள் அதன் முகத்தைப் பார்க்கக்கூடாது, பால் கொடுக்கக்கூடாது. பார்த்தால், இது இவளுடையதுதான் என்று தெரிந்துவிடும்.

"நான் வாங்கிக்கறேன் வேம்பு. தவிட்டைப் புடைச்சி எடுத்து வெச்சிட்டேன்" என்றாள் கெங்கம்மா. நான் ஏழாம் மாசம் இருந்தேன். சரி என்றேன். டாக்டரம்மா சொன்னதையும் செய்வோம், இதையும் செய்வோம், எதில் பிழைத்தாலும் சரி. உங்கள் பிள்ளையாக இருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

கார்த்திகை அடைமழையில், நாள் வருவதற்கு முன்பே வலி வந்தது. ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையெல்லாம் இடுப்பளவு தண்ணீர். ஜட்காக்காரன் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் படுத்துவிட்டான். ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிடப் போன என் புருஷன் நனைந்துகொண்டு தனியாகத் திரும்பி வந்தான். அதற்குள் பிறந்துவிட்டது. பையன். நல்ல குரல். குணசுந்தரி மாதிரியே கத்தினான். "செக்கச்செவேல்னு கீறான்டி" என்று மருத்துவச்சி சொன்னது என் காதில் விழுந்தது. முகத்தை மட்டும் காட்டவில்லை. அந்த மழையிலேயே முறத்தில் வைத்து, ஓலையால் மூடிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய், தவிட்டை அளந்து கொட்டிவிட்டு, கெங்கம்மா அவனை மார்போடு அணைத்து எடுத்து வந்தாள்.

ஒரே அறைதான் எங்கள் வீடு. நடுவில் ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவனும் கெங்கம்மாவும். மழைச்சாரலுக்கு ஜன்னலில் கோணி அடைத்திருந்தது. பகலிலும் சிம்னி விளக்குதான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்து அவனுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனாள். என் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகி வலித்தது.

"யக்கா, மஞ்சளா கீறானா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து கெங்கம்மா சிரித்தாள். ஆசையாக, வாய் நிறையச் சிரித்தாள். "மஞ்சா தேச்சிக் குளிப்பாட்டன புள்ள மஞ்சாவா இல்லாம பச்சையாவா இருப்பான்? சும்மா படு."

ஆமாம், மஞ்சள். பச்சைப் பிள்ளைக்குக் கிருமி அண்டக்கூடாது, கண் படக்கூடாது, தோல் மினுக்கவேண்டும் என்று எல்லா வீட்டிலும் தேய்க்கிறதுதான். அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பிள்ளை. கிழங்கை உரசி உரசிக் காலையிலும் மாலையிலும் தேய்த்தாள். வாசலில் நின்று என் புருஷன், "எப்டி கீறான்?" என்று கேட்பான். தீட்டு வீட்டில் நுழைந்தவன் கடலில் இறங்கக்கூடாது என்பதால் அவன் படகுப் பக்கமே படுத்துக்கொண்டான். "தங்கமாட்டம் மின்னுறான் தம்பி" என்று கெங்கம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். எனக்கும் அதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டது. கெங்கம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அப்போது அவன் அழுதான். பிறந்தபோது அழுத அழுகை இல்லை. மெல்லிசாக, கூர்மையாக, இழுத்து இழுத்து. அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். செத்துப்போன என் பையன் கடைசியில் அப்படித்தான் அழுதான்.

வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. புடவையைப் பிடுங்கி எறிந்தேன். பிள்ளையைத் தூக்கினேன். உடம்பு வில்லாக வளைந்து பின்பக்கம் விறைத்தது. தலை முதல் கால் வரைக்கும் மஞ்சள், விரல் இடுக்கில்கூட மஞ்சள். எது தேய்த்தது, எது அவனுடையது என்று எப்படித் தெரியும்? வாசலுக்கு ஓடிவந்து வெயிலில் நின்றேன். கட்டைவிரலால் இமையை மெதுவாகத் தூக்கினேன்.

கண்ணுக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை. அவன் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை.

நான் போட்ட கூச்சலில் குப்பமே திரண்டது. "மூஞ்சப் பாத்துட்டாளே, மூஞ்சப் பாத்துட்டாளே" என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஒத்து, கஸ்மாலம்!" என்று தள்ளிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். என் புருஷன் அண்ணனைக் கூப்பிடத் துறைமுகத்துக்கு ஓடினான். வாயில்லாப் பூச்சிதான், ஆனால் அன்றைக்கு அவன் ஓடின ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். வழியெல்லாம் என் மாரைப் பிள்ளையின் வாயில் வைத்துப் பார்த்தேன். உதடு அசையவில்லை. பால் அவன் கன்னத்தில் வழிந்து, மஞ்சளைக் கரைத்துக்கொண்டு என் புடவையில் இறங்கியது.

டாக்டரம்மா அவனை மேஜையில் வைத்தார். நர்ஸ் ஈரப்பஞ்சால் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. இன்னொரு பஞ்சு, அதுவும் மஞ்சள். மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பிள்ளை மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்தான். ஏன் மஞ்சள் பூசினீர்கள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்டு, நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தாமோதரன் தோளில் சாக்குத் தூசியோடு மூச்சிரைக்க வந்தான். இந்தத் தடவை ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடி பாட்டில் நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "சீக்கிரம் எடுங்கம்மா, இன்னும் எடுங்க" என்றான். பாட்டிலை வெந்நீரில் வைத்துப் பதமாக்கினார்கள். ஏற்றுவதற்கு எல்லாம் எடுத்து வைத்தார்கள். அதற்குள் என் பிள்ளை ஒரு தடவை விறைத்தான். அப்புறம் தளர்ந்தான். டாக்டரம்மா அவன் நெஞ்சில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். அவர் நிமிர்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவனைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். அழ வரவில்லை. பால்தான் கொட்டியது, வெட்கம் கெட்ட பால்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா என் அண்ணனிடம் வந்து தயங்கித் தயங்கிப் பேசினார். உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது. காலையில்தான் இங்கேயே பிறந்தது. இதே கேடுதான். அந்தத் தாய்க்கும் இதே வகை. அவர்கள் வீட்டு மனிதர்கள் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது, ஒருவருக்கும் சேரவில்லை. இந்த பாட்டில் அப்படியே இருக்கிறது.

"நான் இவ புள்ளைக்குன்னு குடுத்தது. இவளக் கேளுங்க" என்றான் தாமோதரன்.

வராந்தா ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தண்டையார்பேட்டைக் கிடங்கில் வேலை செய்கிற மஜீது பாய், அந்தப் பிள்ளையின் தகப்பன் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னிடம் வரவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. என் மடியில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தரமாட்டேன்" என்றேன். ஆமாம், சொன்னேன். அது என் பிள்ளையுடையது. அவன் குடிக்காமல் விட்டதை இன்னொன்று எதற்காகக் குடிக்கவேண்டும்? கீழே போட்டு உடையுங்கள், சாக்கடையில் ஊற்றுங்கள் என்று கத்தினேன். அப்போது உள்ளே அந்தப் பிள்ளை அழுதது. கனமான அழுகை, நல்ல அழுகை. இன்னும் கெட்டுப்போகாத குரல். என் மகன் பிறந்தபோது அழுத அதே மாதிரி.

எழுந்து போய்க் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் அம்மணமாகக் கிடந்தது. துடைத்து வைத்த பிள்ளை. முகத்தில் லேசான மஞ்சள், கழுத்துக்குக் கீழே இறங்காத மஞ்சள். எந்தக் குருடன் பார்த்தாலும் தெரியும். மேலே ஒன்றும் பூசியிருக்கவில்லை.

"ஏத்துங்க" என்றேன் டாக்டரம்மாவிடம். வெளியே வந்தபோது மஜீது பாய் கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பாய், உங்க வூட்டுப் பொம்பளைங்ககிட்ட சொல்லுங்க. புள்ளைக்கு மஞ்சா தேய்க்க வேணாம். யார் சொன்னாலும் தேய்க்க வேணாம். கண்ணப் பாத்துகினே இருக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கெங்கம்மாவை என்ன செய்வது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் மயிரைப் பிடித்து அந்தக் குப்பைமேட்டிலேயே போட்டு இழுக்கவேண்டும். உன் கையால்தானே என் பிள்ளையை மூடிவைத்தாய் என்று கேட்கவேண்டும். வார்த்தைகளையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் தண்ணீர் எடுக்கப் போன குடம் காலியாகப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். "எம் புள்ளயக் குடு" என்றாள்.

கொடுத்தேன்.

மடியில் போட்டுத் துணியை விலக்கினாள். யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். முந்தானையின் நுனியை வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, அவன் நெற்றியைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை. மறுபடி நனைத்து மறுபடி துடைத்தாள்.

"போவல வேம்பு" என்றாள். "நான் தேச்சதுதானே, போவணுமே. இன்னா தொடச்சாலும் போவலயே."

அவனை அவள் கையிலிருந்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் அவளேதான் துடைத்துக்கொண்டிருந்தாள்.